அச்சா, டையா, ஸ்டென்சிலா: வாழ்த்து அட்டைக்கு முதல் செலவு எதில்?

கையால் வாழ்த்து அட்டை செய்ய ஆசைப்படுகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, எந்த மெஷின் வாங்கலாம் என்றுதான். கோயம்புத்தூர்ப் பக்கம் இந்தக் கேள்வி இன்னும் வேகமாக வரும். பம்பு செட்டும் மோட்டாரும் வெட் கிரைண்டரும் செய்து பழகிய ஊர். இரும்பில் ஏதாவது சுற்றினால்தான் வேலை நடக்கும் என்று நமக்கு ஒரு நம்பிக்கை. என் பதில், மெஷின் கடைசியில். அட்டையில் என்ன எழுதப்போகிறீர்கள், எந்த மொழி எழுத்தில் எழுதப்போகிறீர்கள் என்பதுதான் முதலில்.

கடையிலும் இணையத்திலும் கிடைக்கும் அச்சு, டை, ஸ்டென்சில் மூன்றுமே பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பியப் பண்டிகைகளை மனத்தில் வைத்துச் செய்தவை. ‘ஹேப்பி பர்த்டே’ நூறு வடிவங்களில் கிடைக்கும். பனிமனிதனும் கிறிஸ்துமஸ் மரமும் வேண்டிய அளவு கிடைக்கும். பொங்கல் பானை கிடைத்தால் அதிர்ஷ்டம். ‘காதணி விழா’ என்றோ ‘வளைகாப்பு’ என்றோ வெட்டும் டை கடையில் தொங்குவதில்லை. அதனால் நம் ஊர் அட்டைக்காரர் மூன்று வழிகளையும் ஒப்பிடும்போது, வெளிநாட்டுக் காணொளிகளில் வரும் கேள்விகளோடு இன்னொன்றையும் கேட்டாக வேண்டும்: எந்த வழியில் தமிழை நாமே உருவாக்கிக்கொள்ள முடியும்?

முதலில் மூன்றும் என்னவென்று பார்த்துவிடலாம். அச்சு என்பது முன்பு மரக்கட்டையில் ஒட்டிய சிவப்பு ரப்பராக வந்தது. இப்போது பெரும்பாலும் கண்ணாடிபோல் தெரியும் போட்டோபாலிமர். அதை அக்ரிலிக் கட்டையில் பதிய வைத்து, மையில் தட்டி, தாளில் ஒற்ற வேண்டியதுதான். டை என்பது மெல்லிய எஃகில் செய்த வெட்டுக்கோடு. அட்டைமேல் அதை வைத்து, மேலும் கீழும் பிளாஸ்டிக் தகடு கொடுத்து, இரண்டு உருளைகளுக்கு நடுவே கைப்பிடியைச் சுற்றி அனுப்பினால் அந்த வடிவம் வெட்டுப்பட்டு வெளியே வரும். கரும்புச்சாறு மெஷினைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். ஸ்டென்சில் என்பது துளை வெட்டிய பிளாஸ்டிக் தாள். அந்தத் துளை வழியே மையைத் தேய்க்கலாம், கெட்டியான பேஸ்ட்டை இழுத்துப் புடைப்பாகவும் பூசலாம். திருப்பூரில் பனியனில் படம் அடிக்கும் ஸ்கிரீன் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. அங்கே துளைக்குப் பதில் மெல்லிய வலை இருக்கிறது, அவ்வளவுதான்.

எழுத்து எங்கே உடைகிறது

‘வாழ்த்துகள்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். இதைத் தனித்தனியாக வெட்டி ஒட்டுவதானால் எத்தனை துண்டு? வ ஒன்று, துணைக்கால் ஒன்று, ழ, அதன்மேல் புள்ளி, த, அதன்மேல் புள்ளி, து, க, ள, அதன்மேல் புள்ளி. மொத்தம் பத்து. ஆங்கிலத்தில் எழுத்துகளைக் கோத்து எழுதும் பாணி இருப்பதால், ஒரு சொல் ஒரே துண்டாக டையில் வெட்டுப்பட்டு வருகிறது. தமிழ் அச்செழுத்து அப்படிக் கோப்பதில்லை. போதாக்குறைக்கு நம் மெய்யெழுத்துப் புள்ளிகள் அந்தரத்தில் நிற்கின்றன. கடுகளவு வெட்டிய மூன்று புள்ளிகளை இடுக்கியால் எடுத்துப் பசை தடவி உட்கார வைப்பதற்குள், காற்றாடி ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், இரண்டைக் கட்டிலுக்கடியில் தேட வேண்டியிருக்கும்.

இதற்கு வழியில்லாமல் இல்லை. எழுத்துகளுக்குக் கீழே தடித்த அடிக்கோடு ஒன்று போட்டு எல்லாவற்றையும் அதில் நிற்கவைக்கலாம். புள்ளியை எழுத்தின் தலையைத் தொடும்படி இறக்கி வரையலாம். அல்லது சொல்லின் வெளிவிளிம்பை இரண்டு மூன்று மில்லிமீட்டர் பெருக்கி நிழல் போன்ற ஒரு பின்தகடு வெட்டி, அதன்மேல் எழுத்துகளை ஒட்டலாம். மூன்றாவது வழிதான் கண்ணுக்கு அழகு. வேலையும் அதில்தான் அதிகம். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் நீங்கள் வரைந்ததை வெட்டும் மின்னணு மெஷின் வேண்டும், அல்லது யாரிடமாவது தனியாக டை செய்யச் சொல்ல வேண்டும். கைப்பிடி மெஷின் உள்ளே வைத்த டையின் வடிவத்தை மட்டும்தான் வெட்டும்.

ஸ்டென்சிலில் சிக்கல் தலைகீழ். அங்கே புள்ளி தொல்லையே இல்லை; ஒரு துளை, அவ்வளவுதான். எழுத்தின் கண்கள்தான் தொல்லை. வ, க, ள போன்ற எழுத்துகளில் மூடிய வளையம் இருக்கிறது. கோட்டை வெட்டியதும் வளையத்தின் உள்பகுதி கழன்று விழுந்துவிடும். அது விழாமல் இருக்க ஒரு சிறு பாலம் விட வேண்டும். லாரியிலும் மூட்டையிலும் ஸ்டென்சிலில் அடித்த எழுத்துகளில் நடுவே கோடு விட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுதான் பாலம். மை காய்ந்த பிறகு அந்த இடைவெளியைப் பேனாவால் நிரப்பிவிடலாம், அப்படியே விட்டாலும் ஒரு முரட்டு அழகு உண்டு. ‘பாட்டி’ என்ற சொல்லில் மூடிய கண்ணே கிடையாது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? பாட்டிகளுக்கு அட்டை செய்கிறவர்கள் ஸ்டென்சிலைத் தைரியமாக எடுக்கலாம்.

அச்சுக்கு இந்தச் சிக்கல்கள் எதுவுமே இல்லை. புள்ளி அந்தரத்தில் நின்றாலும் பதியும், வளையம் மூடியிருந்தாலும் பதியும், எழுத்து அரை சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தாலும் பதியும். தமிழ்ச் சொல் வேண்டும் என்பவருக்கு நான் அச்சைச் சொல்வது இதனால்தான்.

சீல் கடை இருக்கும்போது

கொங்குப் பகுதியில் எந்தத் தாலுகா ஊரிலும் ரப்பர் ஸ்டாம்ப் செய்யும் கடை ஒன்றாவது இருக்கும். பத்திரப்பதிவு அலுவலகமோ கோர்ட்டோ இருக்கும் தெருவில் தேடினால் கிடைத்துவிடும். சங்கச் செயலாளர் சீலும் தலைமையாசிரியர் சீலும் செய்கிற அதே கடைக்காரர் உங்கள் ‘இனிய பொங்கல் வாழ்த்து’களையும் செய்து தருவார். முறை ஒன்றுதான். எழுத்தின் நெகட்டிவ் வழியாகப் புற ஊதா ஒளியைப் பாலிமர்மேல் காட்டினால் ஒளி பட்ட இடம் இறுகும்; படாத இடத்தைக் கழுவிவிட்டால் எழுத்து மேடாக நிற்கும். இப்போது லேசரில் ரப்பரைச் செதுக்கித் தருகிறவர்களும் உண்டு.

கேட்கும்போது இரண்டு விஷயம் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஃபிளாஷ் ஸ்டாம்ப் வேண்டாம். அதில் மை உள்ளேயே இருக்கிறது, நிறத்தை மாற்ற முடியாது, சூட்டில் உருகிப் புடைக்கும் எம்பாசிங் பவுடருக்கும் உதவாது. பாலிமர் தகடு மட்டும் போதும். “கைப்பிடி வேண்டாமுங்களா?” என்று கடைக்காரர் சந்தேகத்தோடு பார்ப்பார். வேண்டாம், தடித்த அக்ரிலிக் துண்டில் இரட்டைப் பக்க டேப் போட்டு ஒட்டிக்கொள்ளலாம், பதிக்கும் இடமும் அதன் வழியே தெரியும். பரப்பளவுக்கு விலை சொல்லும் கடை என்றால், ஒரே தகட்டில் நாலைந்து சொற்களை நெருக்கமாக அடுக்கிக் கொடுத்துவிட்டு வீட்டில் வெட்டிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கணினி எழுத்துருதான் வேண்டும் என்பதில்லை. வெள்ளைத் தாளில் கறுப்புப் பேனாவால் எழுதிக் கொடுத்தால் அந்தக் கையெழுத்தே அச்சாகும். வீட்டில் எழுத்து அழகாக உள்ள பெரியவர் ஒருவர் இருந்தால் ‘அன்புடன்’ என்று எழுதி வாங்கி அச்சாக்கிவிடுங்கள். எந்த இறக்குமதித் தொகுப்பும் இதற்கு ஈடாகாது என்பது என் அபிப்பிராயம்.

அச்சின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. சொல்லை நேராகப் பதிப்பது பழக்கத்தில்தான் வரும். அழுத்தம் சீராக இல்லாவிட்டால் ஒரு பக்கம் வெளிறும். வெளிறிய இடத்தில் மறுபடி சரியாகப் பதிக்க, அச்சை மூடியில் ஒட்டி அதே இடத்தில் திரும்பத் திரும்ப இறக்கும் பொசிஷனர் என்ற கருவி இருக்கிறது. வசதியானதுதான், முதல் நாளே வேண்டியதில்லை. பாலிமரை வெயிலில் போட்டுவைத்தால் கெட்டுவிடும். சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் வையுங்கள்.

தாள் சொல்லும் தீர்ப்பு

எந்தக் கருவி என்பதைப் போலவே எந்தத் தாள் என்பதும் முடிவை மாற்றும். இதைப் பலர் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். காகிதத்துக்கு நாம் பஞ்சப்பட்ட நாட்டில் இல்லை. பள்ளிபாளையத்தில் சேஷசாயி ஆலை 1960-களிலிருந்து ஓடுகிறது. கரூருக்குப் பக்கத்தில் புகழூர் டி.என்.பி.எல். ஆலை 1984 முதல் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறது. ஆனால் நம் வீட்டில் கிடக்கும் 70, 80 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடைக்கணக்கு) நகல் தாள் உறைக்கும் உள்தாளுக்கும்தான் ஆகும். அட்டைக்கு 250 முதல் 300 ஜி.எஸ்.எம். வரை வேண்டும்.

அச்சுக்கு வழவழப்பான, ஆனால் மேற்பூச்சு இல்லாத அட்டை நல்லது. கல்யாணப் பத்திரிகைக்குப் பயன்படும் பளபளப்பான ஆர்ட் போர்டில் அச்சு வழுக்கும். பிக்மென்ட் மை காயாமல் கையில் ஒட்டும். டைக்கு எந்த அட்டையும் ஆகும், நார்நாராக இருக்கும் கைக்காகிதத்தைத் தவிர. நுணுக்கமான டையில் அது பிய்ந்து, பாதி டைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஸ்டென்சில்தான் இதில் சாதுவான பிள்ளை. பின்னலாடை வெட்டுத்துணியை அரைத்துச் செய்யும் கரடுமுரடான கைக்காகிதம், பழுப்பு கிராஃப்ட் தாள், துணிப்பை என எதன்மேலும் வேலை செய்யும். கைக்காகிதத்தில் தேய்த்த மை திட்டுத்திட்டாக நிற்பதே தனி அழகு. அச்சில் வந்தால் குறையாகத் தெரிவது ஸ்டென்சிலில் வேண்டுமென்றே செய்ததுபோல் இருக்கும்.

ஸ்டென்சிலுக்கு ஆகும் செலவும் குறைவு. பழைய எக்ஸ்ரே படமோ, ஓ.எச்.பி. ஷீட் என்று விற்கும் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாளோ, ஒரு கூரிய கட்டர், கீழே வைக்க வெட்டுப்பாய், மை தேய்க்க ஒரு மேக்கப் பிரஷ் அல்லது ஸ்பாஞ்சுத் துண்டு. பிரஷ்ஷைத் தாளுக்கு வெளியே வட்டமிடத் தொடங்கி மெல்ல உள்ளே கொண்டுவந்தால் கறை விழாது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை உட்கார வைக்கவும் இதுதான் சரி, நீங்கள் வெட்டிக் கொடுத்தால்.

காற்றையும் கணக்கில் எடுங்கள். ஈர மையில் எம்பாசிங் பவுடர் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு, ஹீட் கன்னால் சூடாக்கினால் எழுத்து பளபளவென்று புடைத்து நிற்கும். அச்சு வேலையிலேயே மிகவும் அசத்தலான பகுதி அது. ஆனால் பல்லடத்திலும் உடுமலையிலும் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் ஆடிக் காற்று, பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து உங்கள் ஜன்னலிலும் நுழையும். தங்க நிறப் பவுடர் டப்பாவை அந்த நேரத்தில் திறந்தால் சாம்பார்வரை மின்னும். ஆடியில் ஸ்டென்சில் வேலை, கார்த்திகைக்கு மேல் பவுடர் வேலை என்று பிரித்துக்கொள்வது நல்லது.

டை எப்போது ஜெயிக்கிறது

இதுவரை டையை ஒதுக்கியே பேசினேன். அதற்கு உரிய இடம் உண்டு. அது வாழ்த்து அட்டையைவிட மொய் கவரில் என்று நினைக்கிறேன். நம் பக்கம் வருடம் முழுக்கக் கைமாறுவது மொய் கவர்தான். கல்யாணம், காதுகுத்து, பூப்பு நன்னீராட்டு, கிரகப்பிரவேசம் என்று முடிவே இல்லை. கடையில் விற்கும் கவர்கள் ஒரே மாதிரி. மேலே ஒரு ரூபாய் நாணயம், நடுவே ஒரு பிள்ளையார். கையால் செய்த கவருக்கு மேசையில் தனி மரியாதை கிடைக்கிறது.

இங்கே டை உதவும் விதம் வேறு. ஓர் அங்குல வட்ட டை இருந்தால் நாணயம் உட்காரும் சாளரத்தை ஒவ்வொரு கவரிலும் ஒரே மாதிரி வெட்டலாம்; கத்தரியில் அந்த வட்டம் எத்தனை கவனமாக வெட்டினாலும் கோணும். ஐந்நூறு ரூபாய்த் தாளின் நீளம் 15 சென்டிமீட்டர், அகலம் 6.6. ஸ்லிம்லைன் என்ற பெயரில் வரும் நீள டைகள் 3½ அங்குலத்துக்கு 8½ அங்குலம், ஏறக்குறைய 9-க்கு 21.5 சென்டிமீட்டர். நோட்டை மடிக்காமல் வைக்க அந்த அளவு தாராளம். முழுக் கவரையும் டையில் வெட்ட வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். கவரைக் கையால் மடித்து ஒட்டி, முகப்புத் தகட்டை மட்டும் டையில் வெட்டி ஒட்டினால் சின்ன மெஷினே போதும்.

தாம்பூலப் பையில் கட்டும் டேக்குக்கும் இதே கணக்கு. இருபது முப்பது டேக்குக்குக் கைப்பிடி மெஷின் சரி. முந்நூறு டேக் என்றால் மெஷினைச் சுற்றித் தோளை வலிக்க வைக்காமல் திருப்பூருக்குப் போங்கள். ஆடைகளில் தொங்கும் டேக்கை அடிப்பவர்கள் ஒட்டுப்பலகையில் எஃகுத் தகட்டை வளைத்துப் பதித்து டை செய்து பஞ்சிங் போடுகிறார்கள். உங்கள் வடிவத்துக்கும் அதுபோல் ஒன்று செய்யச் சொல்லிக் கேட்கலாம். அந்த எண்ணிக்கையில் கையால் வெட்டுவது வீம்பு.

டைக்கு இன்னொரு பயனும் உண்டு, விற்பவர்கள் சொல்லாதது. ஓ.எச்.பி. ஷீட்டில் டையை வைத்து வெட்டினால், வெட்டிய வடிவத்தைத் தூர எறிந்துவிட்டு மிஞ்சிய ஷீட்டை ஸ்டென்சிலாகப் பயன்படுத்தலாம். ஒரு மாங்காய் டை வாங்கினால் மாங்காய் ஸ்டென்சில் இலவசம்.

கிரிகட், சிலுவெட் கேமியோ போன்ற மின்னணு மெஷின்களுக்கு ஆயிரங்களில் இல்லை, பல ஆயிரங்களில் செலவாகும். ஒவ்வோர் அட்டையிலும் வேறு வேறு பெயர் வெட்ட வேண்டும், கேக்மேல் குத்தும் பெயர்ப்பலகை செய்து விற்கவும் எண்ணம் இருக்கிறது என்றால் யோசிக்கலாம். மென்பொருளில் தமிழ் தட்டும்போது கொம்பு இடம் மாறி நின்றால் பதறாதீர்கள். இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் சொல்லை அமைத்து, எழுத்தைக் கோட்டு வடிவமாக மாற்றிச் சேமித்துக் கொண்டுபோனால் எழுத்து சிதையாது.

அளவும் தபாலும்

டையோ ஸ்டென்சிலோ இறக்குமதி வாங்கும் முன் ஒரு கணக்கு. அமெரிக்க அட்டையின் வழக்கமான அளவு 4¼-க்கு 5½ அங்குலம், அதாவது 10.8-க்கு 14 சென்டிமீட்டர். நாம் ஏ4 அட்டையை இரண்டாக வெட்டி மடித்தால் வருவது 10.5-க்கு 14.8. மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம்தானே என்று தோன்றும். அட்டையின் முகப்பு முழுவதையும் மூடும் பின்னணி டை அந்த மூன்று மில்லிமீட்டரால் ஓரம் தாண்டி நிற்கும். பூவேலை பக்கவாட்டில் அறுபட்டுப் போகும். சரி, அட்டையையே அமெரிக்க அளவில் வெட்டிக்கொள்வோம் என்றால், மடிப்பதற்கு 21.6 சென்டிமீட்டர் வேண்டும், ஏ4-இன் அகலமோ 21. எப்படித் திருப்பி வைத்தாலும் ஓர் ஏ4-இல் இரண்டுக்குப் பதில் ஓர் அட்டைதான் தேறும். காகிதச் செலவு அப்படியே இரட்டிப்பு. ஆறங்குலச் சதுர ஸ்டென்சிலுக்கு இந்த வம்பு இல்லை. இரண்டு அளவையும் மூடிவிடும். சொல் அச்சுக்கும் இல்லை.

தபாலில் அனுப்புகிறவர்கள் எடையையும் பார்க்க வேண்டும். சாதாரணக் கடிதத்துக்குக் கட்டணம் 20 கிராமுக்கு ஒரு படியாக ஏறுகிறது. 300 ஜி.எஸ்.எம். ஏ4 அட்டை முழுதாக 18.7 கிராம். அதை ஒருமுறை மடித்துப் பெரிய அட்டையாகச் செய்தால் உறை சேர்ந்ததுமே 20-ஐத் தாண்டிவிடும். பாதி வெட்டியது 9.4 கிராம், உறையும் மையும் சேர்ந்தாலும் கவலை இல்லை. அதன்மேல் டையில் வெட்டிய இரண்டடுக்குப் பூக்களை ஃபோம் டேப்பில் தூக்கி ஒட்டினால் எடை கூடுவதோடு உறையும் உப்பும், முத்திரை குத்தும்போது நசுங்கும். பவானியிலிருந்து தாராபுரத்துக்கு நேரில் எடுத்துப்போய்க் கொடுக்கும் அட்டையில் எத்தனை அடுக்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். சென்னைக்கோ துபாய்க்கோ போகிற அட்டைக்கு அச்சும் ஸ்டென்சிலும் போதும்.

இத்தனைக்குப் பிறகும் கைப்பிடி மெஷின்தான் முதலில் வேண்டும் என்பவர்கள், கடைக்குப் போகும்போது நீங்கள் பயன்படுத்தப்போகும் அட்டையில் ஒரு துண்டைக் கையோடு கொண்டுபோய், நுணுக்கமான டை ஒன்றை உங்கள் கண்முன்னே வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். வெட்டு ஓரம்வரை விழுகிறதா, ஒரே சுற்றில் விழுகிறதா என்று பாருங்கள். மேலும் கீழும் வைக்கும் பிளாஸ்டிக் தகடுகள் வெட்டு விழ விழ வளையும், தேயும். மாற்றுத் தகடு அதே கடையில் கிடைக்குமா, என்ன விலை என்று கேட்டு எழுதிக்கொண்ட பிறகு பணத்தை எடுங்கள்.